புற்றுநோய்ச் சிகிச்சைக் காலத்தில் இறைநம்பிக்கையைத் துணையாகக் கொள்வது எப்படி

பயாப்சி ரிப்போர்ட்டில் புற்றுநோய் என்று உறுதியான நாளிலிருந்து ஒரு குடும்பத்தில் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. ஒருபுறம் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, காப்பீட்டு அட்டை, எந்த மருத்துவமனைக்குப் போவது என்ற விசாரிப்பு. மறுபுறம் குலதெய்வத்துக்குக் காசு முடிந்து வைத்தல், அர்ச்சனை, நேர்ச்சை, ஜெபம், துஆ. முதல் வேலைக்கு வழிகாட்ட மருத்துவர்களும் செவிலியர்களும் இருக்கிறார்கள். இரண்டாவதை எப்படிச் செய்வது, அதனிடம் எதை எதிர்பார்ப்பது, எங்கே நிறுத்திக்கொள்வது என்று நிதானமாகச் சொல்ல ஆள் குறைவு. சொல்ல வருபவர்களிலும் சிலர் நோயாளியைக் கலங்கடித்துவிட்டுப் போகிறார்கள். ஏதோ ஒரு வகையில் ஏற்கெனவே இறைநம்பிக்கை உள்ளவர்களுக்காகவும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாருக்காகவும் இது எழுதப்படுகிறது.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவாக்கிக்கொண்டால் பின்னால் வரும் குழப்பங்கள் பல குறையும். கட்டியை அகற்றுவதும் சுருக்குவதும் அறுவை சிகிச்சை, கீமோ, கதிரியக்கம் ஆகியவற்றின் பொறுப்பு. இரவில் தூக்கம் வராத நேரம், ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கும் நாட்கள், 'எனக்கு ஏன்' என்ற குமைச்சல், பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கும்போது அடைக்கும் தொண்டை ஆகியவற்றுக்கு மருந்துக்கடையில் மாத்திரை இல்லை. இறைநம்பிக்கை உண்மையில் தோள் கொடுப்பது இந்த இடங்களில்தான். இறைவன் இதற்கு மேலும் செய்வானா என்பது அவன் விருப்பம். அதை நாம் வரையறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த எதிர்பார்ப்பில் சிகிச்சையின் ஒரு நாளைக்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

'என்ன பாவம் செய்தேன்' என்ற கேள்வி

நம் ஊரில் நோய்ச் செய்தியோடு சேர்ந்து வரும் முதல் கேள்வி இதுதான். முன்வினை, பித்ரு தோஷம், நாக தோஷம், குலதெய்வத்தை மறந்தது, ஜெபக்கூட்டத்துக்குப் போகாதது, யாரோ வைத்த கண் என்று காரணம் சொல்ல ஆட்கள் வரிசையாக வருவார்கள். நோயைவிட இந்தக் குற்ற உணர்வு சிலரை அதிகமாகச் சாய்த்துவிடுகிறது. நம்பிக்கையைத் துணையாக்க விரும்புபவர் முதலில் செய்ய வேண்டியது, அதே நம்பிக்கை மரபு இந்தக் கேள்விக்கு என்ன சொல்லியிருக்கிறது என்று பார்ப்பது.

ஸ்ரீ ராமகிருஷ்ணர் தொண்டைப் புற்றுநோயால் 1886 ஆகஸ்ட் 16 அன்று மறைந்தார். ரமண மகரிஷிக்கு இடக்கையில் முழங்கைக்குக் கீழே புற்று தோன்றியது. 1949ஆம் ஆண்டில் மட்டும் நான்கு முறை அறுவை சிகிச்சை நடந்தது. 1950 ஏப்ரல் 14 அன்று அவர் உடல் நீங்கினார். அவர்கள் பாவம் செய்ததால் நோய் வந்தது என்று சொல்லத் துணியாத நாம், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மார்பகப் புற்று வந்தால் மட்டும் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வினைக்கோட்பாட்டை நம்புபவர் நம்பலாம். ஆனால் இன்ன வினைக்கு இன்ன நோய் என்று கணக்குப் பார்த்துத் தீர்ப்பெழுதும் அதிகாரம் உறவினருக்கோ ஜோதிடருக்கோ கிடையாது. சூலை நோயின் வலி தாங்காமல் திருவதிகை வீரட்டானத்தில் போய் விழுந்த திருநாவுக்கரசர் 'கொடுமை பல செய்தன நான் அறியேன்' என்றே பாடுகிறார். தெரியாது என்று ஒப்புக்கொண்டுவிட்டு அடுத்த வரியில் பாதத்தைப் பிடித்துக்கொள்கிறார். நோயாளிக்கும் அது போதும்.

கிறிஸ்தவர்களுக்கு யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரம் இருக்கிறது. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டி, பாவம் செய்தது இவனா இவனைப் பெற்றவர்களா என்று சீடர்கள் கேட்க, இருவரும் இல்லை என்று இயேசு மறுக்கிறார். இஸ்லாமிய மரபிலும் பெரும் நோயில் நெடுங்காலம் கிடந்த ஐயூப் நபி, குற்றவாளியாக அல்லாமல் பொறுமையின் முன்மாதிரியாகவே போற்றப்படுகிறார். இந்தப் பகுதிகளை நோயாளி தாமே ஒருமுறை வாசிப்பது நல்லது. வாயால் மறுக்க முடியாத உறவினர் மறுபடியும் காரணம் சொல்ல வரும்போது மனத்துக்குள்ளாவது மறுத்துக்கொள்ள அது உதவும்.

மருத்துவமனையும் சந்நிதியும்

மருத்துவமனைக்குப் போவது நம்பிக்கைக் குறைவு என்ற பேச்சுக்கு நம் பெரிய மத மரபுகளில் வேர் இல்லை. ரமணர் தம் கையை மருத்துவர்களிடம் கொடுத்துவிட்டு அமர்ந்திருந்தார். நோய்க்கு மருந்து தேடுங்கள், இறைவன் மருந்தில்லாத நோயை வைக்கவில்லை என்ற பொருளில் நபிமொழி இருக்கிறது. குலசேகர ஆழ்வாரோ, 'வாளால் அறுத்துச் சுடினும் மருத்துவன்பால் மாளாத காதல் நோயாளன் போல்' என்று, இறைவனிடம் தமக்குள்ள பற்றைச் சொல்ல நோயாளிக்கு மருத்துவரிடம் உள்ள பற்றையே உவமையாக எடுத்தார். அறுப்பதும் சுடுவதும் வலிக்கும். ஆனாலும் நலத்துக்காகச் செய்கிறார் என்ற நம்பிக்கை நோயாளியைக் கைநீட்ட வைக்கிறது. அறுவை அரங்குக்குப் போகும் முன் மனத்தில் வைத்துக்கொள்ள இதைவிடப் பொருத்தமான வரி எனக்குத் தெரிந்து இல்லை.

'கத்தி பட்டால் பரவிவிடும்' என்ற அச்சத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். முறையாகச் செய்யப்படும் பயாப்சியோ அறுவையோ நோயைப் பரப்பிவிடும் என்பது ஆதாரமற்ற பயம். அந்தப் பயத்தை மறைக்க, 'சாமி உத்தரவு கிடைக்கவில்லை' என்று பூப்போட்டுப் பார்த்துத் தள்ளிப்போடும் குடும்பங்கள் உண்டு. நாள் நட்சத்திரம் பார்ப்பவர்கள், மருத்துவர் தரும் தேதிக்குள் வீட்டிலிருந்து கிளம்பும் நேரத்தை ராகு காலம் கழித்து அமைத்துக்கொள்ளட்டும். அதில் யாருக்கும் நட்டமில்லை. ஆடி போகட்டும், அஷ்டமி போகட்டும், குருப்பெயர்ச்சி முடியட்டும் என்று சிகிச்சைத் தேதியையே நகர்த்துவது வேறு விஷயம்.

திருத்தலங்களுக்குப் போவதைப் பற்றியும் அப்படித்தான். வைத்தீஸ்வரன்கோயிலில் தையல்நாயகி உடனாய வைத்தியநாதர் சந்நிதி, கும்பகோணத்துக்கு அருகே திருவிசநல்லூரை ஒட்டிய திருந்துதேவன்குடியில் அருமருந்தம்மை சந்நிதி, வேளாங்கண்ணி ஆரோக்கிய அன்னை பேராலயம், நாகூர் தர்கா என்று நோயாளிகள் தேடிப் போகும் இடங்கள் சோழமண்டலத்திலேயே பல இருக்கின்றன. திருந்துதேவன்குடிப் பதிகத்தில் சம்பந்தர் 'மருந்து வேண்டில் இவை, மந்திரங்கள் இவை' என்று தொடங்குகிறார். போய் வந்தபின் மனம் லேசாகும் என்றால் தாராளமாகப் போகலாம். சிகிச்சை தொடங்குவதற்கு முன்போ, இரண்டு கீமோவுக்கு இடையில் ரத்த அணுக்கள் தேறியபின்போ, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு போவது முறை. வைத்தீஸ்வரன்கோயிலில் நாடி ஜோதிடப் பலகைகள் வழியெங்கும் கண்ணில் படும். ஆயுள் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளும் ஆசை அந்த நேரத்தில் யாருக்கும் எழும். சந்நிதியில் கும்பிட்டுவிட்டு நேராகப் பேருந்து ஏறிவிடுவது என் பரிந்துரை.

சிறிய வழிபாடு ஒன்றை வகுத்துக்கொள்வது

சிகிச்சை தொடங்கும்போது பெரிய சங்கல்பங்கள் எடுக்கத் தோன்றும்: நாளும் ஆயிரத்தெட்டு ஜபம், ஒரு மண்டலம் விரதம், முழு வேதாகமத்தையும் வாசித்து முடிப்பது. இரண்டாவது கீமோவுக்குள் அது முறிந்துபோய், நோயோடு 'சொன்ன வாக்கைக் காப்பாற்றவில்லை' என்ற வருத்தமும் சேர்ந்துகொள்ளும். ஆகவே மிகவும் சோர்ந்த நாளிலும் படுத்தபடியே செய்யக்கூடிய அளவுக்கு வழிபாட்டைச் சுருக்குங்கள். ஒரு பதிகத்தின் ஒரு பாடல், ஒரு சங்கீதம், ஜெபமாலையில் ஒரு பத்து மணி, ஒரு சிறு சூரா. மேலும் செய்ய முடிந்த நாளில் செய்துகொள்ளலாம்.

அதை நாளின் எந்த நேரத்தில் வைப்பது என்பதைச் சிகிச்சையே முடிவு செய்யும். கீமோவோடு வாந்தி வராமல் இருக்கவும் ஒவ்வாமையைத் தடுக்கவும் ஸ்டீராய்டு மருந்து கொடுப்பது வழக்கம். அதனால் அன்றிரவும் அடுத்த இரவும் பலருக்குத் தூக்கம் பிடிக்காது. வீடு முழுவதும் தூங்க, ஒருவர் மட்டும் விழித்திருக்கும் இரவு இரண்டு மணி மிக மோசமான நேரம். அப்போது எதை வாசிப்பது என்று தேடிக்கொண்டிருக்கக் கூடாது. சிறு புத்தகம், கண்ணாடி, குறைந்த வெளிச்சம், கைப்பேசியில் முன்பே இறக்கி வைத்த பாடல், காதில் மாட்டும் கருவி ஆகியவற்றைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுங்கள். இணையத்தில் 'உயிர் பிழைக்கும் விகிதம்' தேடுவதை அந்த நேரத்தில் எவ்விதத்திலும் செய்ய வேண்டாம்.

நம் மக்கள் 'கரண்ட் வைப்பது' என்று சொல்லும் கதிரியக்கச் சிகிச்சை வேறு வகையான தனிமையைத் தருவது. வாரத்தில் ஐந்து நாட்கள், சில வாரங்களுக்குத் தொடரும் அந்தச் சிகிச்சையில், ஊழியர்கள் நோயாளியைச் சரியான நிலையில் படுக்கவைத்துவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். கேமரா வழியாக உங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள் என்றாலும் அறைக்குள் நீங்கள் மட்டுமே. தலை, கழுத்துப் பகுதிக்கு என்றால் முகத்தின் மேல் வலைபோன்ற ஒரு மாஸ்க்கை மேசையோடு பொருத்திவிடுவார்கள். அசையக் கூடாது. வலி இருக்காது, மூச்சுமுட்டுவதுபோன்ற பயம் இருக்கும். அந்தச் சில நிமிடங்களுக்குச் சரியாகப் பொருந்தும் அளவில் ஒரு பாடலையோ ஜெபத்தையோ மனப்பாடம் செய்து வைத்துக்கொள்பவர்கள் நன்றாகச் சமாளிக்கிறார்கள். உதடு அசையாமல், மனத்துக்குள் மட்டும். தலை முதல் பாதம் வரை ஒவ்வோர் உறுப்பையும் பெயர் சொல்லிக் காக்கும்படி வேண்டுகிற கந்த சஷ்டி கவசம் போன்ற கவச நூல்கள் பலருக்கு மனப்பாடமாகவே இருக்கும்; அவற்றின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டாலும் போதும்.

மனம் ஜபத்துக்கு வராத நாட்கள்

வரும். சோர்வு, வாய்ப்புண், குமட்டல், மருந்தால் வரும் மந்தம் ஆகியவை சேர்ந்து இறைவன் பெயரைக்கூட நினைக்க முடியாத நாட்களாக அவை அமையும். அதை நம்பிக்கை போய்விட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 'எய்ப்பு என்னை வந்து நலியும்போது அங்கு ஏதும் நான் உன்னை நினைக்கமாட்டேன். அப்போதைக்கு இப்போதே சொல்லி வைத்தேன்' என்று பெரியாழ்வார் அரங்கனிடம் முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டுக்கொண்டுவிட்டார். தெளிவாக இருக்கும் ஒரு நாளில், கீமோவுக்கு முந்தைய மாலை என்று வைத்துக்கொள்ளுங்கள், நீங்களும் உங்கள் வார்த்தையில் அப்படி ஒன்றைச் சொல்லி வைத்துவிடலாம். மற்ற நாட்களில் உங்களுக்குப் பதிலாக வேறொருவர் சொல்லட்டும். மகள் பக்கத்தில் அமர்ந்து வாசிக்கலாம்; அம்மா விளக்கேற்றும்போது உங்களையும் சேர்த்துக் கும்பிட்டுக்கொள்ளலாம்; தெருவில் உள்ள கத்தோலிக்கரின் அன்பியக் குழுவினர் மாலையில் ஜெபமாலை சொல்லும்போது உங்கள் பெயரை வைக்கலாம். பிறர் செய்யும் பிரார்த்தனையின் மேல் சாய்ந்துகொள்வதும் பிரார்த்தனைதான்.

கோயிலுக்கு நடக்க முடியாதவர்களுக்குப் பூசலார் நாயனாரின் வரலாறு நல்ல துணை. திருநின்றவூரில் கோயில் கட்டப் பொருளில்லாமல் மனத்துக்குள்ளேயே கல் சேர்த்து, தச்சரை அமர்த்தி, நாள் குறித்துக் குடமுழுக்கு வரை வந்த அவருக்காக, பல்லவ மன்னன் காஞ்சியில் கட்டிய கற்கோயிலின் குடமுழுக்கை வேறு நாளுக்கு வைத்துக்கொள்ளும்படி சிவபெருமான் சொன்னதாகப் பெரியபுராணம் கூறுகிறது. இதைச் செயலாகவே மாற்றிக்கொள்ளலாம். உங்களுக்கு மிகவும் பழக்கமான கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். செருப்பைக் கழற்றும் இடத்தில் தொடங்கி, கொடிமரம், நந்தி, தூண்களுக்கு நடுவே உள்ள குளுமை, எண்ணெய் வாசனை, அர்ச்சகரின் குரல் என்று ஒன்றையும் விடாமல் மெதுவாக நடந்து போய்த் தீபம் காட்டும் வரை நின்று திரும்புங்கள். ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் செய்வதற்கு இது மிகவும் ஏற்றது. பாதியில் தூங்கிவிட்டால் நல்லதுதான்.

கோபம் வரும் நாட்களும் உண்டு. அதையும் மறைக்க வேண்டியதில்லை. வீட்டாரும் 'அப்படிப் பேசாதே, சாமி குத்தம்' என்று வாயை மூட வேண்டாம். கண்ணிழந்து திருவாரூர் வந்த சுந்தரர், தாமே சத்தியத்தை மீறியதால் வந்த வினை அது என்று தெரிந்திருந்தும், 'வாழ்ந்து போதீரே' என்று சிவனைப் பார்த்துச் சலித்துக்கொண்டார். அந்தப் பதிகத்தைத்தான் இன்றும் ஓதுவார்கள் சந்நிதியில் பாடுகிறார்கள். 'என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்' என்பது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. சிலுவையில் இயேசு சொன்னதும் அதுவே. ஐயூப் நபியின் பிரார்த்தனையோ துன்பம் என்னைத் தீண்டிவிட்டது, நீ கருணையாளர்களில் பெரும் கருணையாளன் என்ற இரண்டு வாக்கியங்களோடு நின்றுவிடுகிறது. எதையும் கேட்கக்கூடத் தோன்றாத நாளில் அந்த அளவு சொன்னால் போதும்.

தீட்டு என்ற தயக்கம்

இதைப் பற்றி வெளியில் யாரும் பேசுவதில்லை; ஆனால் பலருக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, பெரும் பாரமாக இருப்பது இதுதான். கருப்பைவாய்ப் புற்றுநோயில் சிலருக்கு இடைவிடாத உதிரப்போக்கு இருக்கும். குடலில் அறுவை செய்தவர்களில் சிலருக்கு வயிற்றில் மலப்பை பொருத்தியிருப்பார்கள். சிறுநீர்க் குழாய் போட்டிருப்பவர்கள், புண்ணிலிருந்து வாடை வருபவர்கள் ஆகியோர் பூஜையறைப் பக்கம் போகக் கூசுகிறார்கள்; சில வீடுகளில் போகக் கூடாது என்றே சொல்லிவிடுகிறார்கள். மிகவும் தேவைப்படும் நேரத்தில் அவர்களிடமிருந்து அந்தத் துணையைப் பறிப்பது கொடுமை. நோய் தீட்டாகாது. பூஜையறைக்குள் போக மனம் ஒப்பாதவர்கள், படுக்கை அருகே ஒரு படத்தை வைத்து அங்கேயே கும்பிட்டுக்கொள்ளட்டும். இஸ்லாமியச் சட்டம் இதில் மிகத் தெளிவாகவே வழி சொல்லியிருக்கிறது: தொடர்ந்து உதிரமோ சிறுநீரோ வெளியேறும் நிலையில் உள்ளவர் ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் ஒளூ என்ற நீர்ச் சுத்தம் செய்துகொண்டு தொழலாம், நீர் தீங்கு செய்யும் என்றால் மண்ணால் செய்யும் தயம்மும் செய்யலாம், நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் படுத்தபடி சைகையாலும் தொழலாம். கத்தோலிக்கர்கள் பங்குத்தந்தைக்குச் சொல்லியனுப்பினால் நற்கருணையை வீட்டுக்கே கொண்டுவருவார். நோயில்பூசுதல் என்ற அருளடையாளத்தைச் சாகும் தறுவாயில்தான் பெற வேண்டும் என்று எண்ணி அஞ்சுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கடும் நோயின் தொடக்கத்திலும், பெரிய அறுவைக்கு முன்பும் அதைப் பெறலாம்.

தாலி, தாயத்து, சிலுவைச் சங்கிலி ஆகியவற்றைப் பற்றி ஒரு சொல். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறைக்குள் உலோகம் எதையும் அணிந்து போக முடியாது. கழுத்திலோ மார்பிலோ கதிரியக்கம் வைக்கும்போதும் சங்கிலியைக் கழற்றச் சொல்வார்கள். ஸ்கேன் அறை வாசலில் அவசரத்தில் தாலியைக் கழற்ற நேர்ந்து அழுதுகொண்டே உள்ளே போகும் பெண்கள் பலர். முந்தைய நாளே வீட்டில் சாமி முன் நின்று, மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கோத்துக் கட்டிக்கொண்டு, பொன்தாலியைப் படத்தின் முன் வைத்துவிட்டுப் போனால் இந்த வேதனையைத் தவிர்க்கலாம்.

விரதம், பிரசாதம், கூட்டம்

கீமோ முடிந்து ஏறத்தாழ ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மிகவும் இறங்கியிருக்கும். மருந்தைப் பொறுத்து இது மாறும். அந்த நாட்களில் தொற்று எளிதில் பற்றும் என்பதால் தேர்த்திருவிழா, ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரையிலான வேளாங்கண்ணித் திருவிழா, கந்தூரி, பிரதோஷக் கூட்டம் எதுவும் வேண்டாம். திறந்து வைத்த பஞ்சாமிர்தம், கோயில் தீர்த்தம், வெட்டிவைத்த பழம் ஆகியவற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வீட்டில் மற்றவருக்குக் கொடுத்துவிடுங்கள். ஆறாத அறுவைப் புண்ணோ, மருந்தேற்றப் பொருத்திய குழாயோ இருக்கும்போது திருக்குளத்தில் முழுக்குப் போடக் கூடாது. காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அது அவசர நிலை. திருநீறு பூசிப் படுக்கவைத்து விடியட்டும் என்று காத்திருக்காமல், திருநீற்றை வண்டியில் போகும்போது பூசிக்கொள்ளலாம். கதிரியக்கம் வைக்கும் தோலில் மட்டும் திருநீறு, சந்தனம், எண்ணெய் எதுவும் படக் கூடாது. மருத்துவர் தரும் களிம்பு போதும். அங்கே மையால் இட்ட குறிகளையும் தேய்த்துக் குளித்து அழித்துவிடாதீர்கள்.

விரதத்தைப் பொறுத்தவரை எந்த மதமும் நோயாளியை வற்புறுத்தவில்லை. நோயாளிகள் ரமலான் நோன்பைப் பின்னொரு நாளில் வைத்துக்கொள்ளலாம் என்று குர்ஆனே சலுகை தருகிறது. தீராத நோயென்றால் ஓர் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யா உண்டு. தவக்கால ஒறுத்தலிலிருந்தும் நோயாளிகளுக்கு விலக்கு இருக்கிறது. சஷ்டி, ஏகாதசி, வெள்ளிக்கிழமை விரதம் இருந்து பழகியவர்களுக்கு இதை ஏற்க மனம் வராது. சிஸ்பிளாட்டின் போன்ற சில மருந்துகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருக்கும் நாளில் நீர்கூட அருந்தாத விரதம் ஆபத்தில் கொண்டுபோய் விடும். வேண்டுமென்றால் விரதத்தை வேறு ஒன்றுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்: அன்று ஒரு நாள் கைப்பேசியைத் தொடாமல், தொலைக்காட்சி பார்க்காமல் இருக்கலாம்.

அருகம்புல் சாறு, முள்சீதா இலைக் கஷாயம், கருஞ்சீரகம், துளசித் தீர்த்தம், யாரோ ஒரு சாமியார் கொடுத்த பொடி என்று பக்தியின் பெயரால் வீட்டுக்கு வரும் எதையும் மருத்துவரிடம் காட்டாமல் உட்கொள்ளாதீர்கள். சில மூலிகைகள் கல்லீரலில் கீமோ மருந்து உடைபடும் வேகத்தை மாற்றிவிடக்கூடும்.

நேர்த்திக்கடன், பணம், ஏமாற்று

மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து பூஜையறையில் வைப்பது எளிய, அழகான வழக்கம். கேட்டதைக் கேட்டாயிற்று, இனி அவன் பொறுப்பு என்ற ஆறுதலை அது தருகிறது. வேண்டிக்கொள்ளும்போது உடல் தாங்கும் அளவுக்கு வேண்டிக்கொள்ளுங்கள். அலகு குத்துதல், தீமிதி, பாதயாத்திரை போன்றவற்றை நோயாளியின் மேல் வைக்க வேண்டாம்; வீட்டில் ஒருவர் ஏற்றுக்கொள்ளலாம், அதுவும் அவராக முன்வந்தால். மொட்டை அடிப்பதாக வேண்டுதல் இருந்தால், முதல் கீமோவுக்குப் பின் இரண்டு மூன்று வாரங்களில் முடி கொட்டத் தொடங்கும் முன்பே அதைச் செய்துவிடலாம். கொத்துக் கொத்தாகத் தலையணையில் கிடக்கும் முடியைப் பார்ப்பதைவிடத் தாமே காணிக்கையாகக் கொடுத்துவிட்டோம் என்பது பல பெண்களுக்குத் தாங்கக்கூடியதாக இருக்கிறது. கீமோ தொடங்கியபின் என்றால் சவரக்கத்தி வேண்டாம், மின் இயந்திரத்தால் எடுக்கச் சொல்லுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்குக் கிடைக்கிறது. சென்னைக்கோ, அரசுப் புற்றுநோய் மருத்துவமனை உள்ள காஞ்சிபுரம் காரப்பேட்டைக்கோ போய்வரும் செலவு, தங்கும் செலவு, இழந்த கூலி ஆகியவை கையிலிருந்துதான் போகும். ஆயிரக்கணக்கில் செலவாகும் ஹோமம் செய்யச் சொல்லுபவரிடம், இருபது ரூபாய் அர்ச்சனையைச் சாமி ஏற்காதா என்று கேட்டுவிடலாம். காணிக்கை தர வேண்டும் என்றே தோன்றினால், வார்டில் உங்கள் பக்கத்துக் கட்டிலில் துணைக்கு வந்திருப்பவருக்கு ஒரு சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கிக் கொடுங்கள். அவர் பெரும்பாலும் காலையிலிருந்து டீயோடுதான் இருப்பார்.

மருந்தை நிறுத்தச் சொல்பவர், குணமாவது நிச்சயம் என்று வாக்குக் கொடுப்பவர், வீட்டாருக்குச் சொல்லாதே என்பவர், குணமாகாவிட்டால் உன் விசுவாசம் குறைவு என்று பழியை உங்கள் மேலேயே திருப்புபவர் ஆகிய நால்வரிடமிருந்தும் விலகிவிடுங்கள். அவர் எந்த உடையில் இருந்தாலும் சரி. புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டத்தின்படி குற்றம்.

பார்க்க வருபவர்களுக்கு

விவிலியத்தில் பெருந்துன்பத்துக்கு ஆளான யோபுவின் மூன்று நண்பர்கள் அவரைப் பார்க்க வந்து, ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் கூட அமர்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்களாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியபின் கடைசியில் கடவுளின் கோபத்துக்கு ஆளானார்கள். நோயாளியைப் பார்க்கப் போகும் பக்திமான்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது. அவர் கேட்டால் மட்டும் ஜெபியுங்கள். தலையில் கை வைக்கும் முன் அனுமதி கேளுங்கள். இன்னாருக்கு அற்புதம் நடந்தது என்ற கதைகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். நோயை நோயாளியிடமே மறைத்துவைத்து, 'சாதாரணக் கட்டிதான்' என்று சொல்லும் குடும்பங்கள், அவர் தம் கடவுளிடம் உண்மையாகப் பேசும் வாய்ப்பையும் சேர்த்தே பறித்துவிடுகின்றன. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரிடமே கேட்டு, அந்த அளவு சொல்வது சரி.

சிகிச்சை முடியும்போதும், முடியாது என்று தெரியும்போதும்

குணமானவர்கள் நேர்த்திக்கடனைச் செலுத்துவார்கள், ஆலயத்தில் சாட்சி சொல்வார்கள். அதோடு மருத்துவமனைக் கணக்கு முடிந்துவிட்டது என்று எண்ணிச் செக்கப்புக்குப் போகாமல் விடுவது ஆபத்து. முதல் சில ஆண்டுகள் மருத்துவர் குறித்துத் தரும் தேதிகளில் போய்த்தான் ஆக வேண்டும். அந்தத் தேதி நெருங்கும் வாரத்தில் பழைய பயம் திரும்ப வரும். சிகிச்சைக் காலத்தில் சொல்லிவந்த அதே சிறு ஜெபத்தை அந்த வாரம் மீண்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனிக் குணப்படுத்தும் சிகிச்சை இல்லை என்று மருத்துவர் சொல்லும் நிலையும் சிலருக்கு வரும். பிரார்த்தனை தோற்றுவிட்டது என்று அப்போது குடும்பம் உடைந்துபோகிறது. ராமகிருஷ்ணரிடம் சீடர்கள், தொண்டையில் உணவு இறங்கவாவது அன்னையிடம் வேண்டிக்கொள்ளுங்கள் என்று மன்றாடினார்கள். அவர் வேண்டியபோது, இத்தனை வாய்களால் நீதானே உண்கிறாய் என்று அன்னை சீடர்களைக் காட்டியதாகவும், அதைக் கேட்டு நாணியதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். எல்லோரும் அந்த உயரத்துக்குப் போக முடியாது. போக வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் கேட்பதை மாற்றிக்கொள்ளலாம். மகளின் வளைகாப்பு வரை இருக்க வேண்டும், பேசாத தம்பியோடு ஒருமுறை பேச வேண்டும், வலியில்லாமல் இந்த வாரம் போக வேண்டும் என்று அளவான வேண்டுதல்களாக அவை அமையலாம்.

வலியைப் பற்றி முடிவாக ஒன்று. 'இந்தப் பிறவியிலேயே அனுபவித்துத் தீர்த்துவிடுகிறேன்', 'ஆண்டவர் சிலுவையில் பட்டதைவிடவா' என்று சொல்லி மார்பின் என்ற வலிமருந்தை மறுப்பவர்கள் இருக்கிறார்கள். வலியைத் தணிக்கும் மருந்தை மருத்துவர் மேற்பார்வையில் எடுத்துக்கொள்வது எந்த இறைவனுக்கும் எதிரானதல்ல. 1957ஆம் ஆண்டிலேயே திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) மருத்துவர்களிடம் இதை வெளிப்படையாக ஏற்றுப் பேசினார். நோய்த்தணிப்புப் பிரிவு எங்கே இருக்கிறது என்று உங்கள் மருத்துவரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரையைக் கடிகாரம் பார்த்து, வலி ஏறும் முன்பே கொடுங்கள். வலி அடங்கிய நேரத்தில்தான் அவரால் தம் சாமியின் பெயரைச் சொல்ல முடியும்.